மணவழி வந்த குடிமகள்

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1906-இல் வறிய கறுப்பினக் குடும்பத்தில் பிறந்த ஜோசபின் பேக்கர், 19 வயதில் பாரிஸ் மேடையேறிப் புகழடைந்தார். 1937 நவம்பர் 30-இல் ழான் லியோன் என்ற பிரெஞ்சுத் தொழிலதிபரை மணந்து அந்நாட்டுக் குடியுரிமை பெற்றார். மணவாழ்வு சில ஆண்டுகளே நீடித்தது, குடியுரிமையோ நிலைத்தது. திருமணத்தால் வரும் குடியுரிமையைக் குறுக்குவழி என ஐயுறுவோர் அடுத்து நடந்ததைக் கருத வேண்டும். நாஜிக்கள் பிரான்ஸைக் கைப்பற்றியபோது, இசைத்தாள்களில் கண்ணுக்குப் புலப்படாத மையால் எழுதப்பட்ட உளவுச் செய்திகளை எல்லை கடந்து கொண்டுசென்றார். இத்தனைக்கும் அவர் உலகறிந்த முகம். பிடிபட்டிருந்தால் உயிர் மிஞ்சியிராது. 1963-இல் வாஷிங்டன் பேரணியில், பிறந்த மண்ணின் கறுப்பின மக்களுக்காகப் பேசியபோதும் பிரெஞ்சுப் படைச் சீருடையே அணிந்திருந்தார். 1975-இல் பாரிஸில் மறைந்தார். பிரான்ஸின் மாமனிதர்களுக்குரிய பாந்தியோனில் 2021-இல் அவருக்கு இடமளிக்கப்பட்டது. அதுவும் நவம்பர் 30 அன்று.