குழந்தையின் கையில் துப்பாக்கியைக் கொடுத்தது யார்?

ராத்திரி ரெண்டு மணிக்கு நம்ம ஹாஸ்டல் காரிடாரில் ஒரு நடை நடந்தால், எந்த ரூமில் எந்த அனிமே ஓடுதுன்னு சத்தத்தை வச்சே சொல்லிடலாம். அதில் ஏதோ ஒரு ரூமில் கண்டிப்பாக 'மான்ஸ்டர்' ஓடும். நீங்களும் பார்த்திருப்பீங்க. 1986, ஜெர்மனியின் டியூசல்டார்ஃப் நகரம். தலையில் குண்டு பாய்ந்த ஒரு சிறுவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வருகிறார்கள். அவனை விட்டுவிட்டு நகர மேயரைக் கவனி என்று மேலிடம் உத்தரவு போடுகிறது. டாக்டர் கென்சோ டென்மா அதை மீறிச் சிறுவனைக் காப்பாற்றுகிறார். அந்தப் பையன் யோஹான் ஏற்கெனவே கொலை செய்தவன் என்பது பிறகுதான் தெரிகிறது. கதை முழுக்க நம்மைத் துரத்துவது ஒரே கேள்விதான்: இவன் பிறவியிலேயே இப்படியா, இல்லை யாராவது இப்படி ஆக்கிட்டாங்களா?

இப்போ ஒரு சின்ன விஷயம். டென்மா என்ற பெயரைக் கவனிச்சீங்களா? 'ஆஸ்ட்ரோ பாய்' ரோபோ பையனைச் செய்யும் விஞ்ஞானி பெயரும் டென்மாதான். 'மான்ஸ்டர்' வரைந்த நவோகி உராசாவா, பிறகு ஆஸ்ட்ரோ பாயின் ஒரு பகுதியையே எடுத்து 'ப்ளூட்டோ' என்று திரும்ப வரைந்தார். இந்த ரெண்டு டென்மாவுக்கும் பின்னால் ஒரு மனுஷன் இருக்கிறார். யோஹானைப் பற்றிய அந்தக் கேள்வியை, யோஹான் பிறப்பதற்குப் பத்து வருஷம் முன்னாடியே ஒரு மங்காவில் கேட்டவர் அவர். பெயர் ஒசாமு தெசுகா. (மங்கா என்றதும் உப்பு மிளகாய்ப்பொடியைத் தேடாதீங்க, இது ஜப்பான் சித்திரக்கதை.)

தெசுகா பிறந்தது 1928 நவம்பர் 3, ஒசாகா பக்கத்தில் டொயோநாகா என்ற ஊரில். வளர்ந்தது தகராசுகா. அந்த ஊர் பெண்கள் மட்டுமே நடிக்கும் ஒரு நாடகக் குழுவுக்குப் பேர் போனது. அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு அந்த நாடகங்களைப் பார்த்தே பையன் வளர்ந்தான். அப்பா வீட்டில் சின்ன ப்ரொஜெக்டர் வச்சிருந்தார், டிஸ்னி படமும் சாப்ளின் படமும் சுவரில் ஓடும். அம்மா மங்காவை எடுத்து ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒவ்வொரு குரலில் படிச்சுக் காட்டுவார். பிற்காலத்தில் அவர் போட்ட அத்தனை விதையும் இந்த வீட்டிலேயே கிடைத்துவிட்டது.

ஸ்கூலில் நிலைமை வேற. சுருட்டை முடி, ஒல்லி உடம்பு, கண்ணாடி. கிண்டல் பண்ணாத ஆளே இல்லை. படம் வரையத் தெரியும் என்று தெரிந்த பிறகுதான் பசங்க பக்கத்தில் வந்தார்கள். இன்னொரு பைத்தியம் பூச்சி பிடிப்பது. ஒசாமுஷி என்று ஒரு வண்டு இருக்கு. தன் பெயரும் அதுவும் ஒத்துப்போகுதே என்று, பூச்சி என்று பொருள்படும் எழுத்தைப் பெயரோடு சேர்த்து எழுத ஆரம்பிச்சான். கடைசி வரைக்கும் அந்த எழுத்தோடுதான் கையெழுத்து.

அப்புறம் போர் வந்தது. இந்த இடத்தில் கொஞ்சம் மெதுவாகப் படிங்க.

பள்ளிக்கூடங்களே ராணுவப் பயிற்சி கொடுத்த காலம் அது. உடம்பு வலுவில்லாத பையன்களைத் தேற்ற என்று தனியாகப் பயிற்சி முகாம் நடத்தினார்கள். தெசுகாவையும் ஒன்றில் சேர்த்தார்கள். அங்கே ரெண்டு கையிலும் படை வந்து, வீங்கி, கையையே இழக்க வேண்டிய நிலைமை. ஒசாகாவில் ஒரு மருத்துவர் காப்பாற்றினார். டாக்டர் ஆகணும் என்ற எண்ணம் அவருக்கு அங்கேதான் வந்தது. ஒன்றரை லட்சம் பக்கம் வரையப்போகும் கை அது என்று அந்த மருத்துவருக்கு எப்படித் தெரியும்?

1945 ஜூன். பதினாறு வயசு. படிப்பு நின்று, ஒசாகாவில் ஒரு தொழிற்சாலையில் கட்டாய வேலை. அன்றைக்கு அவருக்குக் கண்காணிப்புக் கோபுரத்தில் டூட்டி. அமெரிக்க விமானங்கள் வந்து எரிகுண்டுகளைக் கொட்டின. மிக அருகிலேயே குண்டு விழுந்தும் உயிர் தப்பினார். கீழே இறங்கி யோதோ ஆற்றங்கரைக்கு ஓடினால், கரை முழுக்கப் பிணங்கள். தப்பிக்கலாம் என்று ஆற்றுப் பக்கம் ஓடியவர்கள் அங்கேயே செத்துக் கிடந்தார்கள். ரெண்டு மாசத்தில் ஜப்பான் சரணடைந்தது. இருட்டடிப்பு முடிந்து ஒசாகா நகரத்தில் மறுபடி விளக்குகள் எரிந்ததைப் பார்த்தபோதுதான், தான் பிழைத்துவிட்டோம் என்பதே அவருக்கு உறைத்ததாம்.

அதே வருஷம் ஒசாகா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவப் படிப்பில் சேர்ந்தார். 1946 ஜனவரியில், பதினேழு வயசில், சிறுவர் பத்திரிகை ஒன்றில் முதல் மங்கா வந்தது. அடுத்த வருஷம் வந்த 'புதிய புதையல் தீவு' 4 லட்சம் பிரதி விற்றதாகச் சொல்வார்கள். அதில் புதுசு என்னவென்றால், படக்கட்டங்கள் சினிமா மாதிரி நகர்ந்தன. கேமரா பக்கத்தில் வரும், தூரம் போகும், ஒரு கார் பாய்ந்து வரும். அதுவரைக்கும் நாடக மேடையை எதிரில் உக்காந்து பார்க்கிற மாதிரிதான் மங்கா இருந்தது.

நம்ம கதைக்கு நெருக்கமான இடம் இப்போ வருது. பையன் மெடிக்கல் லெக்சரில் உக்காந்து படம் வரைகிறான். பேராசிரியர் கூப்பிட்டு, நீ டாக்டர் ஆனால் நோயாளிகளுக்குத்தான் ஆபத்து, பேசாமல் படம் வரையப் போ என்கிற அர்த்தத்தில் சொல்லிவிட்டார். தெசுகா அம்மாவிடம் போய்க் கேட்டார், ரெண்டில் எதைச் செய்யட்டும் என்று. உனக்கு எது நிஜமாகப் பிடிச்சிருக்கு என்று அம்மா திருப்பிக் கேட்டார். மங்கா என்றதும், அப்போ அதையே செய் என்று முடித்துவிட்டார்.

ப்ளேஸ்மென்ட் சீசனில் இதைப் படிக்கிறவங்க உடனே பெட்டியைக் கட்டிடாதீங்க. தெசுகா படிப்பை விடவில்லை. தேர்வு எழுதிப் பாஸ் பண்ணி மருத்துவர் உரிமம் வாங்கினார். 1961இல், நத்தை விந்தணுவை ஆராய்ந்து, நாரா மருத்துவப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டமும் வாங்கினார். அதற்குள் நாடே அறிந்த மங்கா கலைஞர். நமக்கு ஒரு அரியர் க்ளியர் பண்ணவே நாக்கு தள்ளுது.

1952இல் 'ஆஸ்ட்ரோ பாய்' ஆரம்பித்தது. டாக்டர் டென்மாவின் மகன் கார் விபத்தில் சாகிறான். துக்கம் தாங்காமல் அதே முகத்தில் ஒரு ரோபோ செய்கிறார். ஆனால் ரோபோ வளராதே. அது புரிந்ததும் கோபத்தில் அதை சர்க்கஸுக்கு விற்றுவிடுகிறார். குழந்தைகள் கொண்டாடிய ஒரு கதையின் முதல் அத்தியாயம் இது. பெரியவர்கள் செய்த தப்பைக் குழந்தை சுமக்கிறது. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்பவும் வரும்.

1955 வாக்கில் ஜப்பானில் கெட்ட புத்தகங்களை ஒழிப்போம் என்று பெற்றோரும் ஆசிரியர்களும் இயக்கம் நடத்தினார்கள். மங்காவைச் சேர்த்து எரித்த ஊர்களும் உண்டு. தெசுகாவும் திட்டு வாங்கினார். சித்திரக்கதையில் சாவும் சண்டையும் வந்தால் குழந்தை கெட்டுப்போகும் என்ற பயம். நம்ம கிணத்துக்கடவு, பொள்ளாச்சி பக்கம் உடுக்கை அடிச்சு விடிய விடிய அண்ணன்மார் கதை பாடுவாங்க. அதில் இல்லாத வெட்டா, குத்தா? பாயில் உக்காந்து வாயைப் பிளந்து கேட்கிற பசங்களை யாரும் எழுப்பி வீட்டுக்கு அனுப்புவதில்லை. ரத்தம் வருதா இல்லையா என்பது இல்லை, எதுக்காக வருது என்பதுதான் கணக்கு.

1963 புத்தாண்டு அன்று ஆஸ்ட்ரோ பாய் டிவிக்கு வந்தது. வாரம் ஒரு அரை மணி நேர அனிமேஷன் என்பது அன்றைக்கு முடியாத காரியம். படங்களின் எண்ணிக்கையைக் குறைத்து, வரைந்ததையே திரும்பப் பயன்படுத்தி சமாளித்தார்கள். இன்றைக்கும் அனிமேவில் ஆள் அசையாமல் வாய் மட்டும் ஆடுதே, அது அங்கிருந்து வந்த பழக்கம்தான். ஆனால் எபிசோடை ஆகிற செலவுக்கும் குறைவாக விற்றார். அனிமேஷன் வேலைக்குக் குறைந்த கூலி என்ற நிலைக்கு அவரும் ஒரு காரணம் என்று இன்றும் குறை சொல்கிறார்கள். அந்தக் குறையில் நியாயம் இருக்கு.

பொறாமையும் நிறைய இருந்தது. தன்னைப் பார்த்து மங்காவுக்கு வந்த இஷினோமோரி என்ற இளைஞர் புது மாதிரி ஒரு தொடர் வரைந்தபோது, அதெல்லாம் மங்காவே இல்லை என்று ஒரு வாசகருக்குக் கடிதம் எழுதிவிட்டார். அது இஷினோமோரி காதுக்குப் போய் அவர் நொறுங்கிப்போனார். பிறகு தெசுகா அவர் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டார். மங்காவின் கடவுள் என்று கும்பிடப்பட்டவர், ஜூனியர் வீட்டு வாசலில் தலை குனிந்து நின்றார்.

அறுபதுகளின் கடைசியில் அவர் காலம் முடிந்தது என்று பேசினார்கள். 'கெகிகா' என்ற கரடுமுரடான, பெரியவர்களுக்கான மங்கா வந்துவிட்டது. உருண்டைக் கண் குழந்தைகள் பழசாகிவிட்டன. தெசுகா ஒதுங்கவில்லை, இருட்டுக்குள் போனார். 1967இல் 'டொரொரோ'. அதிகாரத்துக்காக ஒரு அப்பா, பிறக்கப்போகும் பிள்ளையின் 48 உறுப்புகளைப் பேய்களுக்கு எழுதிக் கொடுக்கிறான். உறுப்பில்லாத குழந்தையை ஆற்றில் விடுகிறார்கள். நமக்குக் கர்ணன் ஞாபகம் வரும். அந்தக் குழந்தை பிழைத்து, பொய்க்கைகளுக்குள் வாளை மறைத்துக்கொண்டு, ஒவ்வொரு பேயாகக் கொன்று ஒவ்வொரு உறுப்பாக மீட்கிறது. 1976இல் தொடங்கிய 'எம்.டபிள்யூ'வில், ஒரு தீவில் விஷவாயு கசிந்ததில் தப்பிய சிறுவன் வளர்ந்து ஈவு இரக்கமில்லாத கொலைகாரன் ஆகிறான். நம்ம நாட்டிலேயே நடக்கிற 'புத்தா'வில், பெற்ற மகனாலேயே உனக்கு அழிவு என்று பிம்பிசாரனுக்கு ஜோசியம் சொல்கிறார்கள். அந்த நிழலில் வளர்கிற பிள்ளைதான் அஜாதசத்ரு.

நடுவில் 1973. அவர் தொடங்கிய முஷி ப்ரொடக்ஷன்ஸ் திவாலானது. அதே நவம்பரில் ஒரு பத்திரிகை, கௌரவமாக வழியனுப்பி வைக்கலாம் என்ற நினைப்பில், சில வாரத்துக்கு மட்டும் இடம் கொடுத்தது. தெசுகா கொடுத்தது 'ப்ளாக் ஜாக்'. லைசென்ஸ் இல்லாத, காசு பிடுங்குகிற, ஆனால் கைராசியான சர்ஜன். 240 கதைகளுக்கு மேல் போனது. வீணாப்போச்சு என்று நினைத்த மெடிக்கல் படிப்புதான் அவரைத் தூக்கி நிறுத்தியது.

இனி ஆரம்பத்தில் சொன்ன கேள்வி. 1983இல் பெரியவர்கள் படிக்கும் வார இதழ் ஒன்றில் 'அடால்ஃப்' தொடர் வந்தது. கோபே நகரத்தில் ரெண்டு நண்பர்கள், ரெண்டு பேர் பெயரும் அடால்ஃப். ஒருவன் யூத ரொட்டிக்கடைக்காரர் மகன் காமில். இன்னொருவன் ஜெர்மன் அதிகாரிக்கும் ஜப்பானியப் பெண்ணுக்கும் பிறந்த காஃப்மன். நாஜி பள்ளியில் சேர மாட்டேன், என் நண்பன் யூதன் என்று காஃப்மன் அழுகிறான். இருந்தும் அனுப்புகிறார்கள். அங்கே ஒரு நாள் கையில் துப்பாக்கியைக் கொடுத்து, எதிரில் நிற்கும் யூதரைச் சுடு என்கிறார்கள். எதிரில் நிற்பவர் காமிலின் அப்பா. பையன் சுடுகிறான்.

நான் செமஸ்டர் லீவில் வீட்டில் படித்தபோது, அந்தப் பக்கத்தைத் தாண்ட முடியாமல் புத்தகத்தைக் கவிழ்த்து வச்சேன். யோஹானைப் பார்த்தால் பயம் வரும், கொஞ்சம் ஸ்டைலாகவும் இருக்கும். காஃப்மனிடம் ஸ்டைலே கிடையாது. அவன் நம்ம ஜூனியர் பையன் மாதிரி இருக்கிறான். முதல் கொலைதான் கஷ்டம், அதற்கப்புறம் பழகிவிடுகிறது என்பதைத் தெசுகா பக்கம் பக்கமாகக் காட்டுகிறார். கடைசியில் ரெண்டு நண்பர்களும் மத்திய கிழக்கில் எதிரிகளாக மோதுகிறார்கள். பாதிக்கப்பட்டவன் பக்கத்தையும் அவர் வெள்ளையடிக்கவில்லை. பையன்களை முகாமில் போட்டுத் தேற்றிய ஒரு நாட்டில் வளர்ந்தவர், யோதோ ஆற்றங்கரையைப் பார்த்தவர், இப்படித்தான் வரைய முடியும் என்று எனக்குத் தோணுது. அரக்கன் பிறப்பதில்லை, அவனுக்கு சிலபஸ் போட்டுக் கொடுக்கிறார்கள் என்பதுதான் அவர் பதில். இந்தக் கதைக்கு 1986இல் கோடன்ஷா மங்கா விருது கிடைத்தது.

வயிற்றில் புற்றுநோய் வந்தது. அன்றைய ஜப்பான் வழக்கப்படி நோயாளியிடம் அதைச் சொல்லவில்லை, அவரே மருத்துவர் என்றாலும். படுக்கையில் கிடந்தபடி மூன்று தொடர்களை வரைந்துகொண்டிருந்தார். கடைசி நாட்களில் பென்சிலைக் கேட்டு, வேலை செய்ய விடும்படி கெஞ்சினார். 1989 பிப்ரவரி 9, அறுபது வயசில் போய்விட்டார். மூன்று தொடரும் முடியாமலே நின்றன. பத்திரிகைகள் அவர் வயசை அறுபத்திரண்டு என்று போட்டன. சின்னப் பையன் என்று மதிக்காமல் போய்விடுவார்களோ என்று, இளம் வயசிலேயே ரெண்டு வருஷம் கூட்டிச் சொல்லி வைத்திருந்தார். அந்தப் பொய் அவர் சாகும்வரை தாங்கியது.

படிக்கணும்னு தோணினால் 'ப்ளாக் ஜாக்'கில் தொடங்குங்க, அப்புறம் 'புத்தா', கடைசியாக 'அடால்ஃப்'. 'அடால்ஃப்' மட்டும் எக்ஸாமுக்கு முந்தின நாள் வேண்டாம். அடுத்த முறை யோஹான் திரையில் சிரிக்கும்போது, அவனை விட்டுவிட்டு அவனுக்குப் பின்னால் நிற்கும் பெரியவர்களைத் தேடிப் பாருங்க. தெசுகா வாழ்க்கை முழுக்க அவர்களைத்தான் வரைந்துகொண்டிருந்தார்.