விழியை ஆராய்ந்த இராமன்

சர் சி. வி. இராமன் என்றதும் கடலின் நீல நிறமும், 1930ஆம் ஆண்டின் நோபல் பரிசுமே நினைவுக்கு வரும். அவர் தம் இறுதிப் பத்தாண்டில் மனிதக் கண்ணை ஆராய்ந்தவர் என்பதைப் பலர் அறியார்.

இராமன் 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் பிறந்தார். தந்தை சந்திரசேகர ஐயர் விசாகப்பட்டினத்துக் கல்லூரி ஒன்றில் பணியேற்றமையால், தெலுங்கு வழங்கும் அவ்வூரில் வளர்ந்தார். சென்னையில் பயின்று, கொல்கத்தாவில் புகழ்பெற்று, 1933இல் பெங்களூரு வந்தார். ஸ்கெலட்டன் குடியிருப்பில் வாழும் தமிழ்ப் பிள்ளைகளைப் போலவே அவரும் பிறமொழி ஒலிக்கும் ஊர்களில் வாழ்ந்தவர். தங்கவயல் மக்கள் மாரிக்குப்பத்தில் தொடர்வண்டி ஏறி நாள்தோறும் வேலைக்குச் செல்லும் அந்நகரில்தான், 1948இல் தம் பெயரால் ஓர் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார்.

எழுபது வயதைக் கடந்த இராமனை மலர்களின் நிறங்கள் ஈர்த்தன. மலரின் நிறத்தை ஆராய்ந்தவர், அதைக் காணும் கண்ணையும் ஆராயத் தொடங்கினார். அதற்கு அவர் கையாண்ட முறை எளிமையானது. நிறமாலையின் ஒரு பகுதியை மட்டும் தடுக்கும் ஒளிவடிகட்டியைக் கண்முன் பிடித்து, ஒளிமிக்க வெண்திரையில் ஒரு புள்ளியை உற்று நோக்குவார். பின்பு வடிகட்டியைச் சட்டென விலக்குவார். அப்போது திரையில் வண்ணவுருவம் ஒன்று தோன்றி மறையும். அது தம் விழித்திரையின் உருவமே என்று அவர் கருதினார். கருவியும் கண்ணே, ஆய்பொருளும் கண்ணே!

மூவகைக் கூம்பு செல்களால் எல்லா நிறங்களையும் காண்கிறோம் என்னும் பழைய கொள்கையை இராமன் ஏற்கவில்லை. ஆனால் 1964இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ், ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், குரங்கு, மனிதன் ஆகியோரின் விழித்திரைகளில் கூம்பு செல்களைத் தனித்தனியே ஒளியால் அளந்தனர். மூன்று வகைகளே காணப்பட்டன.

ஒரு கூம்பு செல் தான் ஏற்ற ஒளியின் அளவை மட்டுமே அறிவிக்கும், நிறத்தை அறிவிக்காது. மங்கலான பச்சையும் மிகுந்த சிவப்பும் அதற்கு ஒன்றாகவே தோன்றக்கூடும். அடுத்துள்ள நரம்புச் செல்களே வெவ்வேறு கூம்புகளின் செய்திகளை ஒப்பிடுகின்றன. நீண்ட அலை ஒளியை மிகுதியாக ஏற்கும் கூம்புக்கும் நடுத்தர அலை ஒளியை ஏற்கும் கூம்புக்கும் உள்ள வேறுபாட்டைச் சில செல்கள் காட்டும். அதனால் சிவப்பும் பச்சையும் பிரித்தறியப்படுகின்றன. வேறு சில அவ்விரண்டையும் கூட்டி, வெளிச்சத்தின் அளவை உணர்த்தும். அந்தி மங்கிய பின் கூம்புகள் ஓய, குச்சி செல்களே பணிபுரிகின்றன. எனவேதான் சிவந்த ரோசாவும் இருளில் கறுத்துத் தோன்றுகிறது.

இராமன் 1968இல் வெளியிட்ட நூலிலும் தம் கருத்தை விடவில்லை. உலகம் அதனை ஏற்கவுமில்லை. நிறத்தைக் காண்பவருக்குத் தெரிவதை அவர் நுணுகி நோக்கினார். ஆனால் தனிச்செல்லுக்குள் நிகழ்வதை அம்முறையால் அறிய இயலாது. அக்கொள்கை பிழைபட்டதே. எனினும், நோபல் பரிசு பெற்று முப்பதாண்டுகள் கழிந்த பின்னரும் புதிய துறையொன்றில் தொடக்க மாணவரைப் போல உழைத்தவர் அவர்.

1970ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் இராமன் மறைந்தார். அவரது உடல் நிறுவனத் தோட்டத்திலேயே எரியூட்டப்பட்டது. அவ்விடத்தில் கல்லறை எழுப்பப்படவில்லை; ஒரு மரம் நடப்பட்டது.