கண்ணாடிக்குள் ஒரு தோழி

தாய் தந்தையற்ற சிறுமியரின் கதைகளுக்கு ஆங்கில இலக்கியத்தில் என்றுமே பஞ்சமில்லை. பரண் அறையில் பசியோடு கிடந்தபோதும் தன்னை இளவரசியாகவே எண்ணிக்கொண்ட சாரா குரூவை நம்மில் பலர் அறிவோம். ஆயினும் என் நெஞ்சில் நெடுங்காலமாய்க் குடியிருப்பவள் செங்கூந்தல் ஆன் ஷெர்லிதான். 1908-இல் வெளிவந்த ‘ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்’ புதினத்தின் நாயகி அவள். அவளைப் படைத்த லூசி மோட் மாண்ட்கோமரியின் வாழ்க்கையை அறிந்த பிறகு, அந்தப் புதினத்தை வெறும் சிறுவர் கதையாக என்னால் படிக்க முடியவில்லை.

மாண்ட்கோமரி 1874 நவம்பர் 30-இல் கனடாவின் கிழக்குக் கரையோரமுள்ள பிரின்ஸ் எட்வர்ட் தீவில் பிறந்தார். இரண்டு வயது நிறையுமுன்பே தாய் கிளாரா காசநோயால் இறந்தார். தந்தை ஹியூ ஜான், குழந்தையைக் கேவன்டிஷ் என்னும் சிற்றூரில் தாய்வழித் தாத்தா பாட்டியிடம் விட்டுவிட்டுப் பிழைப்புத் தேடி மேற்கே சென்றார். ஆக, மாண்ட்கோமரி முழு அனாதை அல்லர். உணவுக்கும் உடைக்கும் குறைவில்லை. ஆனால் முதியவர்கள் இருவரும் கண்டிப்பு மிக்கவர்கள். அன்பை வெளிக்காட்டத் தெரியாதவர்கள். உடன்பிறப்பில்லாத அந்த வீட்டில் அவருக்குக் கிடைத்த தோழி, புத்தக அலமாரியின் கண்ணாடிக் கதவில் தெரிந்த தமது நிழலுருவமே! அதற்குக் கேட்டி மாரிஸ் என்று பெயரிட்டு, தம் மனக்குறைகளை எல்லாம் அவளிடம் சொல்லி வந்தார்.

பின்னாளில் அதே கேட்டி மாரிஸ் ஆனின் கதையிலும் வருகிறாள். அங்கே அலமாரியின் ஒரு கதவு உடைந்து கிடக்கிறது. குடிபோதையில் வீட்டுக்காரர் உடைத்தது. உடையாமல் எஞ்சிய கதவில்தான் ஆன் தன் தோழியைக் காண்கிறாள். இந்த ஓர் இடம் போதும் என்பேன். ஆனின் கற்பனையைக் குழந்தைத்தனமான அழகு என்று பாராட்டுவோர் பலர். எனக்கோ அது, பிடித்து நிற்க வேறொன்றும் இல்லாத பிள்ளை பற்றிக்கொண்ட கைப்பிடியாகவே தெரிகிறது.

1890-இல், பதினைந்து வயதில், தந்தையைத் தேடி மேற்கே சென்றார் மாண்ட்கோமரி. தந்தை அதற்குள் மறுமணம் செய்துகொண்டிருந்தார். சிற்றன்னையோ பள்ளிக்கு அனுப்பாமல் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். ஓராண்டிலேயே தீவுக்குத் திரும்பிவிட்டார். பிறகு ஆசிரியப் பயிற்சியை முடித்துச் சிற்றூர்ப் பள்ளிகளில் கற்பித்தார். குளிர்காலத்தில் விடியுமுன்னே எழுந்து, கனத்த மேலங்கியோடு, கால்கள் விறைக்காமலிருக்க அவற்றின்மீதே அமர்ந்து கதை எழுதிவிட்டுத்தான் பள்ளிக்குச் செல்வார்.

1898-இல் தாத்தா மறைந்தார். சொத்து தாய்மாமனுக்குச் சென்றது. துணையின்றிப் பாட்டி அந்த வீட்டில் தொடர்ந்து வாழ இயலாத நிலை. வேலையை விட்டுவிட்டு வந்த பேத்தி, செய்தித்தாள் ஒன்றில் பணியாற்றிய சில மாதங்கள் நீங்கலாக, 1911 வரை பாட்டியுடனேயே இருந்தார். அவ்வூர் அஞ்சலகம் அவர்கள் வீட்டிலேயே இயங்கியது ஒரு வகையில் நல்லதாயிற்று. திரும்பி வந்த கையெழுத்துப் படிகளை ஊரார் யாரும் பார்க்கவில்லை.

முதிய தம்பதியர் அனாதை விடுதியில் சிறுவன் ஒருவனைக் கேட்க, தவறுதலாகச் சிறுமி வந்து சேர்கிறாள். பழைய குறிப்பேட்டில் கிடந்த இந்தச் சிறு குறிப்பே புதினமாக வளர்ந்தது. பதிப்பகங்கள் பல மறுத்ததால் கையெழுத்துப் படி தொப்பிப் பெட்டியில் உறங்கியது. மீண்டும் எடுத்து அனுப்பியபோது பாஸ்டன் பதிப்பகம் ஒன்று ஏற்றது. நூல் வெளிவந்தவுடனே பெரும் வரவேற்பைப் பெற்றது.

குறிப்பில் இருந்த தம்பதியர் புதினத்தில் அண்ணன் தங்கையான மாத்யூ, மரில்லா ஆகின்றனர். கண்டிப்பான மரில்லா மெல்ல மெல்லக் கனிகிறாள். பேசவே கூசும் மாத்யூ, ஆனுக்காக ஓர் அழகிய உடை தைக்க ஏற்பாடு செய்கிறார். தமக்கு வாய்க்காத தந்தையை மாண்ட்கோமரி ஆனுக்குக் கொடுத்துவிட்டார் என்றே நான் கருதுகிறேன். ஆனை யாரும் கேட்டு வரவழைக்கவில்லை. அவர்கள் கேட்டது ஒரு பையனை. வேண்டாதவளாய் வந்தவள் வேண்டியவளாகிறாள். இதுவே இக்கதையின் ஈர்ப்பு. ஜப்பானில் ஹனாகோ முராஓகா போர்க்காலத்தில் மொழிபெயர்த்த இந்நூல் 1952-இல் வெளிவந்தது. பெற்றோரைப் போரில் பறிகொடுத்த பிள்ளைகள் பலர் வாழ்ந்த நாடு அது. அங்கே ஆன் இன்றும் கொண்டாடப்படுவதில் எனக்கு வியப்பே இல்லை.

படைத்தவரின் பிற்கால வாழ்வு இத்தனை இனிதாக அமையவில்லை. 1911-இல் பாட்டி இறந்ததும் பாதிரியார் யூவன் மெக்டொனால்டை மணந்து ஒன்டாரியோ சென்றார். இரண்டாம் மகன் இறந்தே பிறந்தான். 1919 முதல் கணவர் கடும் மனச்சோர்வுக்கு ஆளானார். பாதிரியாரின் மனைவி என்பதால் ஊரறியாமல் அதை மறைக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டு ஆன் திரைப்படமானபோது அவருக்கு ஒரு காசும் கிட்டவில்லை. பதிப்பாளரோடு தொடர்ந்த வழக்குகள் 1928 வரை இழுத்தன. இத்தனைக்கும் நடுவே அவர் எழுதினார். 1923-இல் எமிலி என்ற மற்றோர் அனாதைச் சிறுமியைப் படைத்தார். எழுத்தாளராகத் துடிக்கும் எமிலி, ஆனைவிடத் தம்மை ஒத்தவள் என்பது அவரது எண்ணம்.

1942 ஏப்ரல் 24-இல் டொரோண்டோவில் மாண்ட்கோமரி காலமானார். அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார் எனக் குடும்பத்தார் நம்பி வந்ததை 2008-இல் பேத்தி வெளிப்படுத்தினார். அதனை ஏற்காத ஆய்வாளரும் உளர். மகிழ்ச்சியான கதைகளை எழுதியவரின் முடிவு இதுவா என்று கேட்டு, கதைகளையே பொய்யென ஒதுக்குவோரை நான் ஏற்பதில்லை. உடைந்த கதவு முதற்பதிப்பிலேயே இருந்தது, நாம்தான் கவனிக்கவில்லை.

அவரது உடல் கேவன்டிஷுக்குக் கொண்டுவரப்பட்டு, தாய் உறங்கும் இடுகாட்டிலேயே அடக்கம் செய்யப்பட்டது. அவர் வளர்ந்த வீடு அப்போது இல்லை. தாய்மாமன் அதை முன்பே இடித்திருந்தார். ஆனின் வீடாக அவர் கற்பனையில் கண்ட உறவினரின் பண்ணைவீடோ, 1937-இல் உருவான தேசியப் பூங்காவினுள் பாதுகாக்கப்பட்டு, பச்சைக் கூரை முகடுகளோடு இன்றும் நிற்கிறது.