நாடுகடத்தப்பட்டவரின் மகன்: சந்திரபாபுவும் எமது முதல் இசைத்தட்டுகளும்

ஒவ்வொரு தலைமுறைக்கும் அதன் பதின்ம வயதில் ஒரு குரல் வாய்க்கின்றது. பெற்றோர் அக்குரலை விரும்புவதில்லை. ஆசிரியர்கள் அதனைக் கண்டிப்பர். ஆயினும் இளையோர் அதனையே தேடிச் செல்வர். எம் பாட்டனார் காலத்து இளைஞருக்குத் தியாகராஜ பாகவதரின் குரல் அவ்வாறு வாய்த்தது. 1950களில் இளைஞராய் இருந்தோருக்கு வாய்த்தது ஜே.பி. சந்திரபாபுவின் குரல்.

சந்திரபாபுவை ஒரு நகைச்சுவை நடிகர் என்றே பலரும் நினைவுகூர்கின்றனர். அது பொய்யன்று. ஆயினும் நாம் இங்கு அவரைப் பாடகராகவும், அதனினும் மேலாக, நாடுகடத்தப்பட்ட ஒரு பத்திரிகைக் குடும்பத்தின் பிள்ளையாகவும் நோக்க விரும்புகின்றோம். லாசாலிலும் மொன்றியலின் பிற பகுதிகளிலும் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருக்கும் எமக்கு அவரது வாழ்க்கை சொல்லக்கூடியது அங்கேதான் இருக்கின்றது.

தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு

சந்திரபாபு 1927ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் நாள் தூத்துக்குடியில், கடலை நம்பி வாழ்ந்த கத்தோலிக்கப் பரதவர் சமூகத்தில் பிறந்தார். அந்நாள் அவ்வூர்ப் பனிமய மாதாவின் திருநாளாகும். குழந்தைக்கு ஜோசப் பனிமயதாஸ் என்று பெயரிடப்பட்டது. வீட்டில் அவரைப் பாபு என்று அழைத்தனர். தம் குலத்தைச் சந்திர குலம் என்று கூறும் மரபை ஒட்டிப் பிற்காலத்தில் அவர் சந்திரபாபு என்னும் பெயரைச் சூடிக்கொண்டார்.

அது வசதி படைத்த குடும்பம்; விடுதலை இயக்கத்தில் ஈடுபாடு கொண்ட குடும்பமும் கூட. அவர்கள் சுதந்திர வீரன் என்னும் பத்திரிகையை நடத்தி வந்தனர். பிரித்தானிய அரசு அதனைப் பறிமுதல் செய்தது. 1929ஆம் ஆண்டில் பெற்றோர் கைது செய்யப்பட்டனர். விடுதலை பெற்றதும் கொழும்புக்கு நாடுகடத்தப்பட்டனர். பத்திரிகை நடத்தியமைக்காகத் தம் மண்ணை இழந்த குடும்பங்களை நாம் அறிவோம். எம்மவரில் பலருக்கும் அது சொந்தக் கதையே. வியப்பு யாதெனில், பின்னாளில் எம்மவர் எந்த நகரை விட்டு ஓட நேர்ந்ததோ, அதே கொழும்பு அன்று தூத்துக்குடியிலிருந்து வந்த இக்குடும்பத்திற்குப் புகலிடமாயிற்று.

சிறுவன் பாபு கிராண்ட்பாஸ் புனித யோசேப்புக் கல்லூரியில் பயின்றான். 1930களின் கொழும்பு பல ஒலிகள் கலந்த துறைமுக நகரம். தேவாலயங்களில் பாடகர் குழுக்கள் பாடின. போர்த்துக்கேயர் காலத்து ஆட்டப் பாட்டுகளிலிருந்து வளர்ந்த பைலா தெருக்களில் ஒலித்தது. திரையரங்குகளில் ஆங்கிலப் படங்கள் ஓடின. வசதியுள்ள வீடுகளில் கிராமபோன் சுழன்றது. ஒன்றரை வயதிலோ இரண்டு வயதிலோ ஊரை விட்டு வந்த ஒரு பிள்ளைக்கு இவையெல்லாம் பிறர் நாட்டு ஒலிகளாகப் பட்டிருக்க முடியாது. அவன் வளர்ந்த வீட்டின் ஒலிகளே அவைதாம்.

யோட்லிங்கும் மொன்றியலும்

சந்திரபாபுவின் பாடல்களை ஒருமுறை கேட்டவரும் மறவாத ஒன்று உண்டு. குரல் நெஞ்சிலிருந்து திடீரென மேலேறி, உடைந்து, மீண்டும் கீழே இறங்கும். இதனை யோட்லிங் என்பர். ஆல்ப்ஸ் மலைச் சாரலில் கால்நடை மேய்ப்போர் ஒரு மலையிலிருந்து மறு மலைக்குக் குரல் கொடுத்த முறையிலிருந்து அது பிறந்தது. 1927ஆம் ஆண்டளவில், அதாவது சந்திரபாபு பிறந்த அதே காலத்தில், அமெரிக்கரான ஜிம்மி ரொட்ஜர்ஸ் அதனை இசைத்தட்டில் பதிந்து உலகெங்கும் பரப்பினார். தமிழ்த் திரைப்பாடலுக்குள் அதனைக் கொணர்ந்து நிலைபெறச் செய்தவர் சந்திரபாபு.

இவ்விடத்தில் நாம் வாழும் நகரைப் பற்றியும் சிறிது கூறல் வேண்டும். தட்டையான இசைத்தட்டைக் கண்டுபிடித்தவர் எமில் பெர்லினர். ஜெர்மனியின் ஹனோவர் நகரில் பிறந்த இந்த யூதர், 1870இல் 19 வயது இளைஞனாக அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். காப்புரிமை வழக்குகளால் அங்கு தொழில் நடத்த இயலாத நிலையில், 1900ஆம் ஆண்டளவில் மொன்றியலில் தம் கிராமபோன் நிறுவனத்தை நிறுவினார். அதன் தொழிற்சாலைக் கட்டடங்கள் சென் ஹென்றியில் இன்றும் நிற்கின்றன. அங்கு அவர் பெயரால் ஓர் அருங்காட்சியகமும் உண்டு. லாசாலிலிருந்து செல்வோர் அங்கிரினோன் நிலையத்தில் மெட்ரோ ஏறி, லியோனல் குரூவில் மாறினால் அடுத்த தரிப்பிடம் அதுவே.

அது மட்டுமன்று. 1933இல் வில்ஃப் கார்ட்டர் என்னும் கனடியப் பாடகர் தம் முதல் யோட்லிங் பாடலைப் பதிந்ததும், 1936இல் ஹாங்க் சினோ முதன்முதலாகப் பாடிப் பதிந்ததும் இதே மொன்றியலில்தான். கொழும்பில் சிறுவன் பாபு எந்த இசைத்தட்டுகளைக் கேட்டான் என்பதை எவரும் எழுதி வைக்கவில்லை. ஆயினும் ஓர் இனத்தின் மேய்ச்சல் குரல் கப்பலேறி, கண்டங்கள் கடந்து, அரக்குத் தட்டில் சுழன்று, நாடுகடத்தப்பட்ட ஒரு தமிழ்ப் பிள்ளையின் தொண்டையில் புகுந்தது என்பதில் ஐயமில்லை.

திரும்பிய மண்ணில் அந்நியர்

1943இல் குடும்பம் கொழும்பை விட்டுச் சென்னைக்கு வந்து திருவல்லிக்கேணியில் குடியேறியது. தந்தையார் தினமணிப் பத்திரிகையில் பணிக்கு அமர்ந்தார். பெற்றோருக்கு அது தாயகம் திரும்பிய நாள். பதினாறு வயது மகனுக்கோ அது ஒரு புதிய ஊர். அவருடைய நடையும் உடையும் பேச்சும் மேலைநாட்டுப் பாங்கில் இருந்தன. அதே 1943இல்தான் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. மேடையில் தமிழ்ப் பாடல் ஒலிக்க வேண்டும் என்று அறிஞர்கள் வாதிட்டுக்கொண்டிருந்த நகருக்குள், எந்த மரபிலும் அடங்காத ஓர் இளைஞர் பாட்டைச் சுமந்துகொண்டு நுழைந்தார்.

1947இல் தன அமராவதி படத்தில் சிறு வேடம் கிடைத்தது. அதன்பின் ஆண்டுகள் வீணே கழிந்தன. படக் கலையகங்களின் வாயிலில் காத்திருந்து, திருப்பி அனுப்பப்பட்டு, மீண்டும் சென்று காத்திருந்தார். 1952இல் ஜெமினி கலையகத்தில், அதன் அதிபர் எஸ்.எஸ். வாசனைக் காணவும் வாய்ப்பின்றி மனமுடைந்து நஞ்சருந்தினார். நல்வாய்ப்பாக உயிர் பிழைத்தார். அதன் பின்னரே வாசன் அவரை அழைத்து மூன்று பிள்ளைகள் படத்தில் நடிக்க வைத்தார். கதவு திறக்காத நாட்கள் எத்தகையவை என்பதை அகதி விசாரணைக்காக ஆண்டுக்கணக்கிற் காத்திருந்தோர் அறிவர். ஒரு கதவு மூடியிருப்பதால் வாழ்வே மூடிவிட்டதாக எண்ணிய அந்த இளைஞர், பிழைத்து எழுந்தமையால்தான் நாம் அறிந்த சந்திரபாபு ஆனார். அவருடைய புகழ்பெற்ற பாடல் ஒவ்வொன்றும் அந்த நாளுக்குப் பின் வந்தது.

அரக்குத் தட்டில் ஒரு புதுக் குரல்

1954இல் ஏ.வி.எம். நிறுவனத்தின் பெண் படம் வந்தது. அதில் வீணை எஸ். பாலச்சந்தர் திரையில் வாயசைக்க, சந்திரபாபு கல்யாண ஆசையைக் கேலியும் கும்மாளமுமாகப் பாடினார். தொடர்ந்து குலேபகாவலி, மணமகன் தேவை, புதையல், மகாதேவி, மரகதம் என ஒவ்வொரு படமும் ஒரு பாடலைத் தந்தது. ஜி. இராமநாதனும் விஸ்வநாதன் – இராமமூர்த்தியும் அவர் குரலின் இயல்பை உணர்ந்து மெட்டமைத்தனர். அவருக்குப் பெரும்பாலும் வேறொருவர் பின்னணி பாட வேண்டியிருக்கவில்லை. அவரே பாடினார், அவரே ஆடினார்.

அந்நாளைய இசைத்தட்டு நிமிடத்திற்கு 78 முறை சுழல்வது. ஒரு பக்கத்தில் மூன்று நிமிடங்களுக்குச் சற்றே கூடுதலாகத்தான் பாடல் அடங்கும். ஊசி விரைவில் தேயும், மாற்ற வேண்டும். தவறி விழுந்தால் தட்டு உடையும். ஆகவே வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரே அதனைக் கையாள்வார். சிறுவர் தள்ளி நின்று நாய்ப் படம் சுழல்வதைப் பார்ப்பர். இசைத்தட்டு வாங்க வசதியற்றோருக்கு இலங்கை வானொலி இருந்தது. 1952இல் இந்திய அமைச்சரான பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களை ஒதுக்கிவிட்டார். 1957இல் விவித் பாரதி தொடங்கும் வரை, தமிழ்நாட்டு நேயர்களும் கடல் கடந்து கொழும்பையே நாடினர். கொழும்பில் வளர்ந்தவரின் குரலைக் கொழும்பு வானொலியே அவரது பிறந்த மண்ணுக்குக் கொண்டு சேர்த்தது.

எம் பெரியோர் அவரை எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆங்கிலக் கூத்து என்றனர். பிள்ளைகளைக் கெடுக்கும் என்றனர். எனினும் தேநீர்க் கடை வானொலிகளின் முன் இளைஞர்கள் கூடினர்.

எமது தலைமுறை அவரை வேறொரு வழியாகக் கேட்டது. 1990இன் பின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை, பற்றரிகளும் தடைசெய்யப்பட்டிருந்தன. துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலி கேட்டோம். பழைய பாடல் நாடாக்களையும் போட்டோம். சுழற்றும் கை களைத்தால் பாடலும் தளரும். இருளில் அமர்ந்திருந்த வீட்டாரை அன்று சிரிக்க வைத்தவர்களுள் சந்திரபாபு ஒருவர். முன்னர் அவரைக் கண்டித்த அதே பெரியோர், இப்போது அவரை நல்ல பழைய பாட்டு என்று சொல்லிக் கேட்டனர்.

சென்னைத் தமிழ் பேசிய கொழும்புப் பிள்ளை

1958இல் வெளிவந்த சபாஷ் மீனாவில் சிவாஜி கணேசனுடன் நடித்த சந்திரபாபு, இரு வேடங்களுள் ஒன்றில் ரிக்ஷாக்காரராக வந்தார். அவர் பேசிய சென்னைத் தெருத் தமிழ் இன்றும் வியந்து பேசப்படுகின்றது. அந்நகரில் பிறவாத ஒருவர், பதினாறு வயதில் வந்து சேர்ந்தவர், அதன் பேச்சை அவ்வூராரினும் நுட்பமாகப் பிடித்தார். வெளியிலிருந்து வருபவனின் செவி கூர்மையானது. பிழைக்க வேண்டுமாயின் அவன் உற்றுக் கேட்டே ஆக வேண்டும். மறு ஆண்டு வந்த சகோதரி படத்தில் பால்காரராக அவர் செய்த நகைச்சுவை, படத்தையே தூக்கி நிறுத்தியது என்பர். 1962இல் அன்னை படத்தில் அவர் பாடிய பாடல், சிரிப்பினூடே உலக இயல்பை எண்ண வைத்தது.

ஆனால் பிறரை மகிழ்வித்தவரின் வாழ்வில் மகிழ்ச்சி நிலைக்கவில்லை. திருமணம் விரைவில் முறிந்தது. 1960இல் கவிஞர் கண்ணதாசன் தயாரிப்பில் கவலை இல்லாத மனிதன் என்னும் படத்தின் நாயகனானார், படம் பொருளீட்டவில்லை. எம்.ஜி.ஆரை வைத்து மாடி வீட்டு ஏழை என்னும் படத்தைத் தாமே இயக்கத் தொடங்கினார்; அது இடையில் நின்றுபோய்க் கடனையே விட்டுச் சென்றது. வாகனம் மேல்மாடி வரை ஏறத்தக்கதாக அவர் கட்டிய வீடும் கைவிட்டுப் போயிற்று. 1966இல் தட்டுங்கள் திறக்கப்படும் என்ற படத்தை இயக்கினார். விவிலியச் சொல்லைத் தழுவிய அப்பெயர் அவர் வாழ்க்கைக்கும் பொருந்தும். அந்தக் கதவு இம்முறை அவருக்குத் திறக்கவில்லை. குடிப்பழக்கம் உடலை அரித்தது. 1974ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள், வறுமையில், 46 வயதில் சென்னையில் அவர் மறைந்தார்.

அவருக்குப் பின்

சந்திரபாபு ஓய்ந்துகொண்டிருந்த காலத்தில், அவர் வளர்ந்த தீவில் ஒரு புதிய அலை எழுந்தது. நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் பைலாத் தாளத்தில் தமிழைப் பாடினர். பொப்பிசை என்று அதற்குப் பெயர் வந்தது. 1970களில் எம் ஊர்த் திருமண வீடுகளில் அது ஒலிக்காத நாளில்லை. மனோகரன் தமிழ்நாட்டிலும் புகழ் பெற்று, 2018இல் சென்னையில் மறைந்தார். அவர்களுக்கும் முதலில் கிடைத்தது கண்டனமே. இன்று அப்பாடல்கள் ஒலித்தால், இங்கு முதியோர் ஒன்றுகூடல்களில் கண் கலங்குவோர் உண்டு.

லாசாலில் வளரும் எம் பிள்ளைகள், 1977ஆம் ஆண்டின் மொழிச் சட்டத்தின் வழியே பெரும்பாலும் பிரெஞ்சு மொழியிற் கற்கின்றனர். விளையாட்டுத் திடலில் ஆங்கிலம் பேசுகின்றனர். வீட்டில் தமிழ் கேட்கின்றனர். அவர்களுடைய செவியில் மாட்டிய கருவியில் எம் காதுக்குப் பழகாத தாளம் ஒலிக்கின்றது. அதனைக் கேட்டு முகம் சுளிக்கும் பெற்றோருள் நாமும் அடங்குவோம். பிள்ளை எமக்கு அந்நியமாகிவிடுமோ என்னும் அச்சம் வீணானதன்று. மொழி ஒரே தலைமுறையில் கரைந்துவிடக் கூடியது.

ஆயினும் சந்திரபாபுவின் வரலாற்றில் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அவர் மேலைநாட்டு இசையைத் தம்முள் வாங்கியபோது தமிழை இழக்கவில்லை. வீட்டில் தமிழ் வாழ்ந்தது; பெற்றோர் தம் பத்திரிகைக்காகச் சிறை சென்றவர்கள்; பத்திரிகையே அவர்களின் வாழ்க்கை. அந்தத் தமிழ் இருந்தமையால்தான் யோட்லிங் தமிழ்ப் பாட்டாயிற்று. அது இல்லாதிருப்பின் அவரும் ஆங்கிலப் பாட்டைப் போலச் செய்யும் ஒருவராகவே நின்றிருப்பார். பிள்ளையின் இசையைத் தடுப்பதால் தமிழ் காக்கப்படாது. வீட்டில் தமிழைப் பேசி, வாசித்து, சிரித்து வாழ்ந்தால், அவ்விசையே ஒருநாள் தமிழாகக் கூடும்.

இந்தக் கோடை விடுமுறையில் ஒருநாள் பிள்ளைகளைச் சென் ஹென்றிக்கு அழைத்துச் சென்று அந்தப் பழைய கிராமபோன்களைக் காட்டலாம். வீடு திரும்பியதும் சந்திரபாபுவின் பாடலொன்றைப் போட்டு, இவர் யார், எங்கே வளர்ந்தார், ஏன் அங்கே வளர நேர்ந்தது என்பதைச் சொல்லலாம். பிறகு அவர்கள் கேட்கும் பாட்டு ஒன்றை எமக்கும் போட்டுக் காட்டச் சொல்லி, முகம் சுளிக்காது அமர்ந்து கேட்கலாம்.