மாடியில் பூட்டப்பட்ட பெண்: சார்லொட் ப்ரொண்டேயின் வாழ்வு

1913ஆம் ஆண்டு பிரஸல்ஸ் நகரைச் சேர்ந்த ஹெகர் குடும்பத்தினர் நான்கு கடிதங்களைப் பிரித்தானிய அருங்காட்சியகத்திடம் ஒப்படைத்தார்கள். ஏறத்தாழ 70 ஆண்டுகளுக்கு முன்பு ஓர் ஆங்கிலேயப் பெண் தனது முன்னாள் ஆசிரியருக்குப் பிரெஞ்சு மொழியில் எழுதிய கடிதங்கள் அவை. சில கிழிக்கப்பட்டு, பின்னர் ஒட்டியும் நூலால் தைத்தும் சேர்க்கப்பட்டிருந்தன. ஆசிரியர் கிழித்தெறிந்ததை அவரது மனைவிதான் பொறுக்கியெடுத்துச் சேர்த்துவைத்தார் என்பது அந்தக் குடும்பத்தில் சொல்லப்பட்ட கதை. எழுதியவர் ‘ஜேன் அயர்’ நாவலைத் தந்த சார்லொட் ப்ரொண்டே. அவர் இறந்து அப்போது 58 ஆண்டுகள் ஆகியிருந்தன.

சார்லொட் 1816 ஏப்ரல் 21ஆம் திகதி இங்கிலாந்தின் யோர்க்ஷயரில் பிறந்தார். தந்தை பற்றிக் அயர்லாந்திலிருந்து வந்த பாதிரியார். ஐந்து வயதில் தாயை இழந்தார். பாதிரிமாரின் பெண் பிள்ளைகளுக்கென நடத்தப்பட்ட விடுதிப் பாடசாலைக்கு அனுப்பப்பட்ட மூத்த சகோதரிகள் இருவரும் அங்கே நோயுற்று 1825இல் இறந்துபோனார்கள். எஞ்சிய நான்கு பிள்ளைகளும் ஹாவோர்த் கிராமத்து வீட்டில் கற்பனை நாடுகளைப் படைத்து, மிகச் சிறிய கையெழுத்துப் புத்தகங்களில் கதை எழுதி வளர்ந்தார்கள்.

20 வயதில் தன் கவிதைகளை அரசவைக் கவிஞர் ரொபேர்ட் சவுதிக்கு அனுப்பினார். திறமை இருப்பதை ஒப்புக்கொண்ட சவுதி, இலக்கியம் பெண்ணின் தொழிலாக இருக்க முடியாது, பெண்ணுக்குரிய கடமைகளில் ஈடுபட்டால் அதற்கு நேரமே இராது என்று பதில் எழுதினார். மணமாகாத, படித்த, வசதியற்ற பெண்ணுக்கு அன்று எஞ்சியிருந்த தொழில் பணக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆசிரியையாக இருப்பதுதான். 1841இல் சார்லொட்டுக்குக் கிடைத்த சம்பளம் ஆண்டுக்கு 20 பவுண். துணி வெளுக்கும் செலவுக்கு அதிலும் 4 பவுண் கழிக்கப்பட்டது.

சொந்தமாகப் பாடசாலை தொடங்கும் எண்ணத்தில் பிரெஞ்சு கற்க 1842இல் தங்கை எமிலியுடன் பிரஸல்ஸுக்குப் போனார். அங்கே ஆசிரியர் கொன்ஸ்தாந்தின் ஹெகர்மீது காதல் கொண்டார். ஹெகர் திருமணமானவர். 1844இல் ஊர் திரும்பிய சார்லொட் கடிதம்மேல் கடிதமாக எழுதினார். பதில்கள் குறைந்து, பின் நின்றே போயின. அடக்கமும் பொறுமையும் மட்டுமே பெண்ணுக்கு அழகு என்றிருந்த காலத்தில், ஒரு வார்த்தைக்காகக் காத்துக்கிடக்கும் வேதனையை அவர் மறைக்காமல் எழுதினார்.

அந்த வேதனை நாவலாயிற்று. 1847 ஒக்டோபரில் கரர் பெல் என்ற பெயரில் ‘ஜேன் அயர்’ வெளிவந்தது. பாழடைந்த மாளிகை, நள்ளிரவுச் சிரிப்பு, பூட்டிய அறை ஆகியவையெல்லாம் பழைய கோதிக் திகில் கதைகளின் சரக்குகள். அக்கதைகள் பல தூர தேசத்துக் கோட்டைகளில் நடந்தன. சார்லொட் அந்தப் பயத்தை ஆங்கிலேயக் குடும்ப வீட்டுக்குள்ளும் திருமணத்துக்குள்ளும் கொண்டுவந்தார். ரொச்செஸ்டரின் வீட்டு மாடியில் பூட்டப்பட்டிருப்பது பேயல்ல, அவரது மனைவி பேர்த்தா. அழகோ சொத்தோ இல்லாத ஆசிரியை ஜேன், தான் விரும்பும் ஆணிடம் தன் மனதை முதலில் திறந்து சொல்கிறாள். உண்மை தெரிந்ததும் அவனது ஆசைநாயகியாக வாழ மறுத்து வெளியேறுகிறாள். சொந்தப் பணம் கையில் வந்த பிறகே திரும்பி வருகிறாள்.

புத்தகம் பரபரப்பாக விற்றது. கண்டனமும் கிளம்பியது. 1848 டிசம்பரில் ‘குவாட்டர்லி ரிவியூ’ இதழில் எலிசபெத் ரிக்பி பெயர் குறிப்பிடாமல் எழுதிய மதிப்புரை, இதை எழுதியது பெண்ணாக இருந்தால் பெண்களின் சகவாசத்துக்கே அருகதை இழந்தவளாக இருக்கவேண்டும் என்ற பொருளில் தாக்கியது. அந்த மாதத்தில்தான் எமிலி காசநோயால் இறந்தார். செப்டெம்பரில் சகோதரன் பிரான்வெல் போயிருந்தான். அடுத்த மே மாதத்தில் தங்கை ஆனும் போனார்.

தனித்துப்போன சார்லொட் 1853இல் ‘வில்லெட்’ நாவலை வெளியிட்டார். அதில் ஒரு கன்னியாஸ்திரியின் ஆவி உலவுகிறது. கடைசியில் அது காதலியைச் சந்திக்க வேடமிட்டு வந்த ஓர் இளைஞன் எனத் தெரிகிறது. ஆனால் கதை சொல்லும் ஆசிரியை லூசியின் அடக்கிவைத்த ஆசை அப்படிக் கலைந்துவிடுவதில்லை.

1854 ஜூன் 29இல் தந்தையின் உதவிப் பாதிரியார் ஆர்தர் பெல் நிக்கல்ஸை மணந்தார். முதலில் கடுமையாக எதிர்த்துப் பின் சம்மதித்த தந்தை திருமணச் சடங்குக்கு வரவில்லை. மனைவியின் பணம் கணவனுக்கே உரியது என்றிருந்த சட்டத்தின் கீழ், தன் பணத்தைத் தனியே காக்கும் ஒப்பந்தத்தை சார்லொட் முன்கூட்டியே செய்துகொண்டார். அவர் தன் தோழிக்கு எழுதும் கடிதங்களை எரித்துவிட வேண்டும் எனக் கணவர் கேட்டார். தோழி எரிக்கவில்லை. சார்லொட் 1855 மார்ச் 31இல், கர்ப்பிணியாக, 38 வயதில் இறந்தார்.

இரண்டு ஆண்டுகளில் எலிசபெத் கஸ்கெல் எழுதிய வரலாறு அவரைக் கடமை தவறாத மகளாக, துன்பம் தாங்கிய பெண்ணாகக் காட்டியது. ஹெகர்மீதான காதல் அதில் மறைக்கப்பட்டது. ‘ஜேன் அயர்’ நாவலால் எழுந்த அவதூறிலிருந்து சார்லொட்டைக் காக்க கஸ்கெல் கண்ட வழி, அந்த நாவலை எழுதவைத்த உணர்ச்சியை இல்லாமலாக்குவதாக இருந்தது.

சார்லொட்டும் ஒருத்தியை மௌனமாக்கினார். ஜமைக்காவிலிருந்து வந்த பேர்த்தாவுக்கு நாவலில் பேச்சே இல்லை. விலங்குபோல உறுமுகிறாள், தீவைத்து இறக்கிறாள், ஜேனுக்கு வழி பிறக்கிறது. டொமினிக்காவில் பிறந்த ஜீன் ரீஸ் 1966இல் ‘வைட் சர்காஸோ சீ’ நாவலில் அவளுக்கு இளமையும் காதலும் குரலும் தந்தார். பெண்ணின் ஆசையை எழுதத் துணிந்த சார்லொட்டால், காலனியிலிருந்து வந்த பெண்ணின் ஆசையைப் பைத்தியமாக மட்டுமே பார்க்க முடிந்தது. அவரை இன்று வாசிப்பவர்கள் இந்த இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டியிருக்கிறது.