இளையான்குடி மாறனார்

பாண்டிநாட்டு இளையான்குடியிலே வேளாளர் குலத்திற் பிறந்த மாறனார், அடியாரை அமுதூட்டுவதே இல்லறப் பயனெனக் கொண்டவர். செல்வம் தேய்ந்தது, நிலம் விற்றார், கடன்பட்டார், கொள்கை தளரவில்லை.

மழை பொழியும் ஓரிரவில் பசித்த அடியார் ஒருவர் வந்தார். வீட்டில் ஒரு பிடி அரிசியுமில்லை. பகலில் விதைத்த முளைநெல்லை வாரிவரலாமென வழிசொன்னவர் மனைவியாரே. மாறனார் இருளிற் காலால் தடவிச் சென்று நெல்லை வாரிவந்தார். விறகுக்குக் கூரை வரிச்சுகளை அறுத்தார். அம்மையார் நெல்லை வறுத்துக் குத்திச் சோறாக்கினார். இளங்கீரையைப் பல கறிகளாகச் சமைத்தார். அமுதுக்கு அழைத்தபோது வந்தவர் சோதியாய்த் தோன்றினார். அவர் சிவபெருமானே.

12ஆம் நூற்றாண்டிற் சேக்கிழார் பெரியபுராணத்தில் இவ்வரலாற்றைப் பாடியருளினார். ஆவணி மகம் நாயனாரின் குருபூசைத் தினம். இளைஞர்களே, சோதி தோன்றுமுன்னரே அம்மையாரின் வாய்ச்சொல்லில் அருள் அவ்வீட்டினுட் புகுந்துவிட்டது.