இருளைத் தேடிய வானியலாளர்

நுழையும்முன்

வானத்தை ஆராய்வோர்க்குத் தொலைநோக்கி மட்டும் போதாது. இருண்ட, தெளிந்த வானமும் வேண்டும். அத்தகைய வானத்தைத் தமிழ்நாட்டு மலையொன்றில் கண்டறிந்து, அங்கே உலகறிந்த ஆய்வகத்தை உருவாக்கியவர் வைணு பாப்பு. அவர்தம் வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

சென்னையின் மேற்கே அமைந்த வானகரம், பெயரிலேயே வானைக் கொண்ட ஊர். ஆயினும், நகர விளக்குகளின் ஒளிவெள்ளத்தில் அங்கு இரவில் ஒருசில விண்மீன்களே கண்ணுக்குப் புலப்படும். அவ்வூர் வழியே மேற்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் வேலூரைக் கடந்து, வாணியம்பாடியில் பிரிந்து, ஆலங்காயம் வழியாகச் சென்றால் ஜவ்வாது மலையில் காவலூரை அடையலாம். அங்கே இரவு வானம் எண்ணற்ற விண்மீன்களோடு விரிகிறது. பாப்பு தேடிக் கண்ட இடம் அது.

இளமையும் கல்வியும்

பாப்பு 1927ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் சென்னையில் பிறந்தார். தந்தையார் ஐதராபாத் நிசாமியா வானாய்வகத்தில் பணியாற்றியமையால், தொலைநோக்கியின் நிழலிலேயே வளர்ந்தார். உயர்கல்விக்காக அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் சென்ற அவர், 1949இல் புதிய வால்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். அது அவர் பெயரையும் போக், நியூகிர்க் ஆகிய இருவர் பெயர்களையும் தாங்கி வழங்குகிறது. 1952இல் முனைவர் பட்டம் பெற்றார்.

பின்னர் ஆலின் வில்சன் என்பவருடன் இணைந்து ஆராய்ந்தார். குளிர்ந்த விண்மீன்களின் நிறமாலையில் கால்சியம் தோற்றுவிக்கும் கோட்டின் நடுவே மெல்லிய ஒளிர்வு ஒன்று காணப்படும். அதன் அகலத்திற்கும் விண்மீனின் உண்மையான ஒளித்திறனுக்கும் தொடர்புண்டு என்பதை இருவரும் 1957இல் வெளியிட்டனர். உண்மை ஒளித்திறன் தெரிந்தால், நமக்குத் தோன்றும் ஒளியோடு ஒப்பிட்டுத் தொலைவைக் கணக்கிடலாம். வில்சன்–பாப்பு விளைவு என இஃது உலகெங்கும் பயிலப்படுகிறது.

காவலூர் எழுந்த கதை

தாயகம் திரும்பிய பாப்பு, நைனிடாலில் வானாய்வகம் அமையப் பாடுபட்டார். 1960இல் கொடைக்கானல் ஆய்வகத்தின் இயக்குநரானார். அவ்வாய்வகம் சூரியனை ஆராய்வதில் புகழ்பெற்றது. விண்மீன்களை நோக்க வேறோர் இடம் தேவை என உணர்ந்த அவர், தென்னாட்டில் பல இடங்களை ஆராய்ந்து காவலூரைத் தேர்ந்தார். நிலநடுக்கோட்டிற்கு அருகில் இருப்பதால் அங்கிருந்து வடவானத்தோடு தென்வானத்தின் பெரும்பகுதியையும் காணலாம்.

கொடைக்கானல் பட்டறையில் உருவான 38 செ.மீ. தொலைநோக்கியுடன் 1968இல் காவலூரில் பணி தொடங்கியது. 1972இல் 1 மீட்டர் தொலைநோக்கி நிறுவப்பட்டது. வியாழனின் துணைக்கோளான கானிமீடில் வளிமண்டலம் இருப்பதற்கான சான்று அவ்வாண்டே கிட்டியது. 1977இல் யுரேனசின் வளையங்களைக் கண்டறிய உதவிய நோக்குகளிலும் காவலூர் பங்குபெற்றது.

தெரிந்து தெளிவோம்

பேரண்டத்தின் மிகப் பழைய ஒளி, பெருவெடிப்புக்குச் சுமார் 3,80,000 ஆண்டுகளுக்குப் பின் வெளிப்பட்டது. அஃது இன்று நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சாக எத்திசையிலும் பரவியுள்ளது. காற்றிலுள்ள நீராவி அதன் ஒரு பகுதியை உறிஞ்சிவிடும். எனவே, அதனை ஆராயும் தரைத் தொலைநோக்கிகள் சிலி நாட்டின் அட்டகாமா பாலைநில மலைகளிலும் தென்துருவத்திலும் அமைந்துள்ளன. எந்தத் தொலைநோக்கிக்கும் இடத்தேர்வே அடிப்படை.

நிறைவேறிய கனவு

வெளிநாட்டுக் கருவிகளையே நம்பியிராமல், பெரிய தொலைநோக்கியை இந்தியரே உருவாக்க வேண்டும் எனப் பாப்பு உறுதிபூண்டார். 2.34 மீட்டர் விட்டமுடைய ஆடியைத் தேய்த்து மெருகேற்றும் பணி பெங்களூருவில் நடந்தது. 1979இல் பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1981இல் பத்மபூஷண் விருது பெற்றார். ஆயினும், பணி முடியுமுன்பே 1982 ஆகஸ்டு 19ஆம் நாள் ஜெர்மனியின் மியூனிக் நகரில் தம் 55ஆம் வயதில் காலமானார்.

அவர் உருவாக்கிய குழு பணியைக் கைவிடவில்லை. 1986 சனவரி 6ஆம் நாள் அத்தொலைநோக்கிக்கும் காவலூர் ஆய்வகத்திற்கும் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது. அவர் வளர்த்த இந்திய வானியற்பியல் நிறுவனம், பின்னர் லடாக்கின் ஹன்லேயில் 4,500 மீட்டர் உயரத்தில் மற்றுமொரு தொலைநோக்கியை நிறுவியது. தம் கண்ணால் காண இயலாத கருவிக்காக உழைத்த பாப்புவின் வாழ்வு, பயன் கருதாது வரும் தலைமுறைக்கு வழியமைத்தலே அறிவியலாளரின் அறம் என்பதை உணர்த்துகிறது.